கட்டிய தோள் எத்தனை காலம் தாங்கும்?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

தோள் மூட்டு அடிக்கடி இறங்கிப்போவதற்குச் செய்யும் அறுவை சிகிச்சை பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்த கவலை ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்தது, தையல் பிரித்தாயிற்று. ஐந்து வருடம், பத்து வருடம், முப்பது வருடம் கழித்து அந்தத் தோள் எப்படி இருக்கும்? எலும்பு மூட்டு அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

டாக்டர், எனக்கு 24 வயது. கபடியில் கார்னர் ஆடுகிறேன். வலது தோள் நான்கு முறை இறங்கிய பிறகு மூன்று வருடம் முன்பு கீஹோல் (சிறு துளை வழியாகச் செய்யும்) முறையில் பேங்கார்ட் ஆபரேஷன் செய்தார்கள். இன்றுவரை இறங்கவில்லை. இனி பயமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
கபடி வீரர், ஒட்டன்சத்திரம்

மூன்று வருடம் தாங்கியிருப்பது நல்ல அறிகுறி, தம்பி. ஆனால் பயமே இல்லை என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

மேல்கை எலும்பின் தலை ஓர் உருண்டை. அது உட்காரும் தோள்பட்டைக் குழி சின்னது, ஆழமும் இல்லாதது. உருண்டை அடிப் பானையை வெறும் தரையில் வைத்தால் சாயும். சுற்றிலும் ஒரு பிரிமணை வைத்தால் நிற்கும். குழியைச் சுற்றி வளையமாக இருக்கும் லேப்ரம் என்ற குருத்து விளிம்புதான் அந்தப் பிரிமணை. முன்பக்க ஜவ்வுகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. தோள் முன்பக்கம் இறங்கும்போது விளிம்பு எலும்பை விட்டு உரிந்துவிடும். லண்டன் மருத்துவர் பேங்கார்ட் 1923-இல் எழுதிக் காட்டியது இதைத்தான். உரிந்ததை இழுத்து, குழியின் ஓரத்தில் பதித்த சின்ன ஆங்கர்களின் நூலால் கட்டுவதுதான் உங்களுக்கு நடந்த ஆபரேஷன்.

விளிம்பு எலும்போடு ஒட்டும்வரைதான் நூலுக்கு வேலை. அதற்குப் பிறகு தோளைத் தாங்குவது உங்கள் சொந்த ஜவ்வு. நான்கு முறை இறங்கியதில் அது ஏற்கெனவே நீண்டிருக்கும். மைதானத்தில் ஒவ்வொரு பலமான விழுதலும் அதை இன்னும் கொஞ்சம் நீட்டும். அதனால்தான் இந்த ஆபரேஷனின் தோல்விகள் முதல் வருடத்திலேயே வந்து முடிந்துவிடுவதில்லை, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வருகின்றன. சூரிச்சில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், குறைந்தது ஆறு வருடம் கவனித்தபோது, கீஹோல் பேங்கார்ட் செய்த தோள்களில் 13 சதவீதம் மறுபடி முழுதாக இறங்கியிருந்தன; 29 சதவீதம் பேருக்கு இறங்கிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. எலும்புத் துண்டை மாற்றிவைக்கும் லாட்டர்ஜே ஆபரேஷனில் அதே எண்கள் 1, 9. ஆனால் பேங்கார்ட்டே மட்டம் என்று இதைப் படிக்கக் கூடாது. பாஸ்டன் மருத்துவர் கார்ட்டர் ரோ, திறந்து செய்த பேங்கார்ட் பற்றி 1978-இல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில் மறுபடி இறங்கியவை 3.5 சதவீதம்தான். யாருக்குச் செய்கிறோம், எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எத்தனை ஆங்கர் போட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கீஹோலில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆங்கர் போட்ட தோள்கள் அதிகம் தோற்றதாக ஒரு பிரெஞ்சு ஆய்வு 2006-இல் காட்டியது. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் எண்ணிக்கை எழுதியிருக்கும், பாருங்கள்.

கார்னர் ஆடுபவருக்குக் கெட்ட தருணம், ஓடும் ரெய்டரின் கணுக்காலை ஒற்றைக் கையை முழுதாக நீட்டிப் பிடித்து, அவர் இழுக்க இழுக்க விடாமல் தொங்குவது. முழங்கை மடங்கி விலாவை ஒட்டியிருக்க, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கப் பழகுங்கள். வாரம் மூன்று நாள் ரப்பர் பட்டையில் வெளித்திருப்பல் (முழங்கை விலாவை ஒட்டியிருக்க முன்கையை வெளியே திருப்பும்) பயிற்சி, 15 வீதம் மூன்று சுற்று, விளையாடும் காலம் முழுக்கத் தொடரட்டும். பாதி நழுவித் தானே உள்ளே போய்விட்டால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த அரை இறக்கமும் ஓர் இறக்கம்தான். அந்த வாரமே காட்டுங்கள்.

என் மகனுக்கு 19 வயது, பல்கலைக்கழக ஜூடோ அணியில் இருக்கிறான். இரண்டு வருடத்தில் ஒன்பது முறை தோள் இறங்கிவிட்டது. ஒரு மருத்துவர் கீஹோல் போதும் என்கிறார்; இன்னொருவர் எலும்பை வெட்டி வைக்க வேண்டும் என்கிறார். இருவருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?
ஒரு தந்தை, சேலம்

இருவரில் யார் சரி என்று சி.டி. ஸ்கேன் சொல்லும். அதற்கு முன்பே, ஸ்கேன் இல்லாமல் போடக்கூடிய ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. பிரான்ஸில் பால்க், புவாலோ இருவரும் 2007-இல் வெளியிட்டது. வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. போட்டி அளவில் விளையாடினால் 2. உடல் மோதும் விளையாட்டோ தலைக்கு மேல் வேகமாகக் கை வீசும் விளையாட்டோ என்றால் 1. மூட்டுகள் பிறவியிலேயே தளர்வென்றால் 1. சாதாரண எக்ஸ்-ரேயில், கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்த படத்திலும் எலும்புத் தலையில் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் கீழ் விளிம்புக் கோடு அழிந்திருந்தால் 2. மொத்தம் 10. ஆறு வரை வந்தவர்களில் கீஹோல் தோற்றது 10 சதவீதம். ஆறைத் தாண்டியவர்களில் 70 சதவீதம். உங்கள் மகனுக்கு வயது, போட்டி, ஜூடோ என்று ஐந்து மதிப்பெண் எழுதியாயிற்று. எக்ஸ்-ரேயில் ஒரு பள்ளம் தெரிந்தாலே ஏழு.

ஒன்பது முறை இறங்கிய தோளில் பள்ளம் இல்லாமல் இருப்பது அரிது. பிசைந்த மாவு உருண்டையைத் தாம்பாளத்தின் விளிம்பில் அழுத்தினால் எப்படிக் கோடு விழுமோ, அப்படித்தான் எலும்புத் தலையின் பின்பக்கம் குழியின் முன் விளிம்பில் மோதிப் பள்ளமாகிறது. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்-ரே மருத்துவர்கள் ஹில், சாக்ஸ் 1940-இல் விவரித்ததால் ஹில்-சாக்ஸ் பள்ளம் என்று பெயர். அதே மோதலில் குழியின் முன் விளிம்பும் தேய்ந்துகொண்டே போகிறது. பர்க்ஹார்ட், டி பீர் இருவரும் 194 கீஹோல் தோள்களைக் கவனித்து 2000-இல் எழுதினார்கள்: பெரிய எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 சதவீதம் தோல்வி, இருந்தவர்களில் 67 சதவீதம். எலும்பு குறைந்த இடத்தில் ஜவ்வை எத்தனை அழகாகக் கட்டினாலும், விளிம்பு உடைந்த கிணற்றில் கயிறு கட்டிய கதைதான்.

ஸ்கேன் எடுக்கும்போது, முப்பரிமாணப் படத்தில் எலும்புத் தலையை நீக்கிவிட்டுக் குழியை நேர் எதிரே பார்க்கும் கோணம் வேண்டும் என்று கேளுங்கள். குழியின் கீழ்ப்பாதி ஏறக்குறைய முழு வட்டம். அந்த வட்டத்தைப் படத்தின் மேல் வரைந்து, முன்பக்கம் எத்தனை மி.மீ. காணோம் என்று அளப்பார்கள். வட்டத்தின் விட்டம் 26 மி.மீ., காணாமல் போனது 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 19 சதவீதம். அடுத்து 26-ஐ 0.83-ஆல் பெருக்கி 5-ஐக் கழித்தால் 16.6 மி.மீ. இதுதான் அந்தத் தோளின் ‘தடம்’, அதாவது கை மேலே வெளியே போகும்போது குழி எலும்புத் தலையைத் தொட்டு ஓடும் பாதையின் அகலம். தலையில் இருக்கும் பள்ளம், அதன் வெளிப்புறத் தசைநாண் ஒட்டும் இடத்திலிருந்து அளந்து 16.6-க்குள் இருந்தால் தடத்துக்குள் அடங்கும். 19 மி.மீ. என்று வந்தால் பள்ளம் தடத்தைத் தாண்டி விளிம்பில் கொக்கி போட்டுக்கொள்ளும். தடம் பற்றிய இந்தக் கருத்து ஜப்பானில் யமமோட்டோ, இட்டோய் குழு 2007-இல் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க இதை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இழப்பு 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் எலும்பு வைப்பதே சரி. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழேதான் வாதம். அமெரிக்க ராணுவத்தினரிடம் செய்த ஓர் ஆய்வு, 13.5 சதவீத இழப்பிலேயே தோள் இறங்காவிட்டாலும் வாழ்க்கைத் தரம் குறைகிறது என்றது. இழப்பு குறைவு, பள்ளம் மட்டும் பெரிது என்றால் கீஹோலிலேயே பின்பக்கத் தசைநாணைப் பள்ளத்துக்குள் தைத்து நிரப்பும் ரெம்ப்ளிசாஜ் முறையைச் சேர்த்துச் செய்யலாம். வெளித்திருப்பலில் கொஞ்சம் இழக்க நேரும்.

லாட்டர்ஜே என்பது லியோன் நகர மருத்துவர் மிஷல் லாட்டர்ஜே 1954-இல் விவரித்தது. தோளின் முன்னால் காக்கை அலகு போல் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பை இரண்டு, இரண்டரை செ.மீ. அளவுக்கு, அதில் ஒட்டிய தசைநாணோடு வெட்டி, குழியின் தேய்ந்த முன் விளிம்பில் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுவார்கள். எலும்பு விளிம்பை நீட்டுகிறது, கை மேலே தூக்கி வெளியே திரும்பும்போது தசைநாண் தொட்டில் துணி போலக் கீழிருந்து தாங்குகிறது, ஜவ்வும் தைக்கப்படுகிறது. பலன் நீண்ட காலம் நிற்பது இந்த மூன்றும் சேர்வதால்தான்.

அதன் குறைகளையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எலும்புத் துண்டு குழியோடு சமமட்டமாக உட்கார வேண்டும். வெளியே துருத்தினால் எலும்புத் தலை அதில் உரசி உரசி வருடங்கள் கழித்துத் தேய்மானம் வர வாய்ப்பு அதிகம். ரொம்ப உள்ளே தள்ளி வைத்தால் தோள் மறுபடி இறங்கும். துண்டு ஒட்டாமல் போகலாம், ஒரு பகுதி கரையலாம், ஸ்க்ரூ தலை தசையில் உரசலாம், அருகில் ஓடும் நரம்புகள் இழுபட்டுச் சில வாரம் கை பலவீனமாகலாம். பெரும்பாலான நரம்புப் பாதிப்பு தானே சரியாகும். இந்த ஆபரேஷனின் பலன் செய்பவரின் கையைப் பெரிதும் நம்பியிருப்பதால், அவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

எனக்கு 31 வயது, கணினி வேலை. தோள் மூன்று முறை இறங்கியது. ஆபரேஷன் செய்தால் பின்னாளில் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள். செய்யாமலே விட்டால் தேயாதா?
திருச்சி வாசகர்

தேயலாம். தேய்மானத்தின் விதை முதல் இறக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. சுவீடனில் ஹொவேலியஸ் தலைமையில், 1978, 1979 ஆண்டுகளில் முதன்முறை தோள் இறங்கிய 12 முதல் 40 வயது வரையிலானவர்களை ஆபரேஷன் இல்லாமல் ஆரம்பித்து 25 வருடம் பின்தொடர்ந்தார்கள். இத்துறையில் இதற்கு இணையான பொறுமை குறைவு. பாதிப் பேருக்குத் தோள் அதன் பிறகு இறங்கவே இல்லை, அல்லது ஒரே ஒரு முறை இறங்கியது. 27 சதவீதத்தினர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள். எக்ஸ்-ரேயில் முழுக்கச் சுத்தமாக இருந்த தோள்கள் 44 சதவீதம். மிச்சத்தில் ஏதோ ஓரளவு தேய்மானம், 17 சதவீதத்தில் கடுமையானது. ஒரே முறை இறங்கிய தோள்களிலும் தேய்மானம் தெரிந்தது.

ஆக ஆபரேஷன் தேய்மானத்துக்கு முழுக் காப்பு ஆகாது, நன்றாகச் செய்தால் அதுவே காரணமும் ஆகாது. எத்தனை முறை இறங்கியது, எத்தனை வருடம் தள்ளிப்போட்டார்கள், எலும்பு எவ்வளவு போனது, ஆங்கரோ ஸ்க்ரூவோ மூட்டுக்குள் துருத்தியதா என்பவைதான் வேகத்தைக் கூட்டுகின்றன. உங்களுக்கு வயது 31, மோதும் விளையாட்டு இல்லை. இறக்கங்கள் நடந்து பல வருடம் ஆகி, இடையில் அச்சமும் இல்லையென்றால் பயிற்சியோடு காத்திருக்கலாம். போன வருடத்தில் மட்டும் மூன்று என்றால் காத்திருப்பதில் பயனில்லை.

நான் செவிலியர், 27 வயது. ஒன்றரை வருடம் முன்பு பேங்கார்ட் செய்தேன். ஒரு முறைகூட இறங்கவில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கை போக மாட்டேன் என்கிறது. எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள் வீட்டில்.
மதுரை வாசகி

மனப்பிரமை இல்லை, சகோதரி. மேல் கம்பியைப் பிடித்து நிற்கும்போது கை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். மேல்கை பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல். முன்கை பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. ஓட்டுநர் பிரேக் போட்டால் உடம்பு முன்னால் போகும், கை பின்னால் தங்கும். தோள் முன்பக்கம் இறங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலை வேறில்லை. பழைய இறக்கங்களை உடம்பு இந்த நிலையோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. கை அங்கே போகும் முன்பே தசைகள் இறுகிக்கொள்கின்றன.

முதலில் அச்சத்துக்குப் பின்னால் உண்மையான தளர்வு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எலும்பு இழப்பு அளக்கப்பட்டதா? இல்லையென்றால் இப்போது சி.டி. எடுக்கலாம். ஜவ்வு விளிம்பில் உரியாமல் மேல்கை எலும்புப் பக்கம் உரிந்திருந்து தவறிப்போனதா என்பதை, மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டும். கீறல் ஆறியபின்னும் மந்தமான வலியும் இறுக்கமும் இருந்தால், தோளில் மெதுவாக வளரும் கிருமித்தொற்றையும் நினைக்க வேண்டும். காய்ச்சலோ சீழோ இல்லாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் வகை அது.

எல்லாம் சரியாக இருந்தால், பயிற்சியால் இந்த அச்சத்தைக் கரைக்கலாம். கட்டிலில் மல்லாந்து படுங்கள். மேல்கையின் கீழே மடித்த துண்டு வைத்து, கையை உடம்பிலிருந்து 45 டிகிரி விலக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடியுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி முன்கையை மெதுவாக வெளியே சாய்த்து, அச்சம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஐந்து நொடி நிறுத்தி, சொந்தப் பலத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. ஒரு வாரம் அச்சமின்றிச் செய்ய முடிந்தால் அடுத்த வாரம் பத்து டிகிரி கூட்டுங்கள். பிறகு கையை 90 டிகிரி விலக்கி இதையே. அதன்பின் நின்றபடி சுவரில் பந்தெறிந்து பிடிப்பது. கடைசியில் நின்றிருக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது. அதுவரை முழங்கை மடங்கிய நிலையில் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துப் போங்கள். தலைக்கு மேல் கையை வைத்துத் தூங்குவதையும், காரின் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைப் பையை எட்டி எடுப்பதையும் விடுங்கள்.

என் அப்பாவுக்கு 58 வயது. 29 வருடம் முன்பு தோள் இறங்கியதற்குத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பழைய தாளில் புட்டி-பிளாட் என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை. ஆனால் கை வெளிப்பக்கம் திரும்பவே திரும்பாது. இப்போது இரவெல்லாம் வலி.
தஞ்சாவூர் வாசகி

‘இறங்கவில்லை’ என்பதை மட்டும் வெற்றியாக எண்ணினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அப்பாவின் தோளே சாட்சி. புட்டி-பிளாட் முறையில் மூட்டின் முன்னால் இருக்கும் தசைநாணை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து இறுக்கித் தைப்பார்கள். கதவு திறக்காமலிருக்கத் தாழ்ப்பாள் போட்டது போல. தோள் இறங்காது, ஆனால் வெளியே திரும்பவும் முடியாது. முன்னால் இறுகியதால் எலும்புத் தலை எந்நேரமும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, குழியின் பின்பாதியை அரைத்துக்கொண்டே இருக்கும். இந்தத் தேய்மானம் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால்தான் இன்று உலகில் இந்த ஆபரேஷன் ஏறக்குறைய நின்றுவிட்டது.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அப்பாவை நிற்கவைத்து, இரண்டு முழங்கையும் விலாவை ஒட்டிச் செங்கோணமாக மடித்து, உள்ளங்கைகள் எதிரெதிர் பார்க்க, இரண்டு கையையும் வெளிப்பக்கம் விரிக்கச் சொல்லுங்கள். நல்ல பக்கம் 60 டிகிரி போகிறது, ஆபரேஷன் பக்கம் நேர்கோட்டைத் தாண்டவே இல்லை என்றால் நாங்கள் சொல்லும் படம்தான். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கழுத்தைச் சாய்த்து முகத்தைக் கையிடம் கொண்டுபோகிறாரா என்றும் பாருங்கள். இன்றைய பேங்கார்ட், லாட்டர்ஜேயில் 5 முதல் 10 டிகிரி குறைவது வழக்கம். அன்றாட வாழ்க்கையில் அது தெரியாது.

முன்னும் பக்கவாட்டிலும் எக்ஸ்-ரே எடுத்து, மேல்கை எலும்புத் தலையின் கீழ் விளிம்பில் வளர்ந்த எலும்பு முள்ளை அளப்பார்கள். 3 மி.மீ.க்குக் கீழ் லேசு, 7 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. சாமில்சன், பிரியெட்டோ வகுத்த இந்த மூன்று படிதான் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. லேசு, நடுத்தரம் என்றால் வலி மாத்திரை, வேலை மாற்றம், எப்போதாவது ஒரு ஸ்டீராய்டு ஊசி. இறுகிய தசைநாணைத் தளர்த்தும் ஆபரேஷன், மூட்டில் எலும்பை மூடிய வழவழப்பான குருத்து மிச்சம் இருந்தால்தான் பலன் தரும். கடுமை என்றால் செயற்கை மூட்டு. முன்பே ஒரு முறை திறந்த தோள் என்பதால் சி.டி.யில் பின்பக்கத் தேய்வைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். யாராவது பிசியோ என்ற பெயரில் கையைப் பலவந்தமாக வெளியே இழுத்தால் தடுத்துவிடுங்கள், உரசல்தான் கூடும்.

என் கணவர் கொத்தனார், வயது 32. லாட்டர்ஜே ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. வலியே இல்லை, அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன் என்கிறார். போகலாமா?
திருநெல்வேலி வாசகி

கூடாதம்மா. வலி போனதற்கும் எலும்பு ஒட்டியதற்கும் தொடர்பில்லை. மாற்றிவைத்த எலும்புத் துண்டில் ஒட்டியிருக்கும் தசைநாண், முழங்கையை மடக்கித் தூக்கும் தசையின் ஒரு முனை. அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் அந்த எலும்புத் துண்டைப் பிடித்துக் கீழே இழுக்கிறார் என்று அர்த்தம். முதல் ஆறு வாரத்தில் ஸ்க்ரூ வளைவதும் துண்டு நகர்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆறாவது வாரம் வரை சாப்பிடுவது, எழுதுவது, ஸ்லிங்கைக் கழற்றி முழங்கை, மணிக்கட்டை வெறுமனே அசைப்பது போதும். அதன்பின் கையைத் தானே தூக்குவது. மூன்று மாதத்தில் சி.டி. எடுத்து எலும்பு கூடியிருந்தால் பளு தொடங்கலாம்: முதலில் இடுப்பு உயரத்தில் கரண்டி வேலை, பூச்சு. சாரத்தில் நின்று கலவைச் சட்டியைத் தலைக்கு மேல் கைமாற்றி வாங்குவதும், 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஏற்றுவதும் கடைசி. ஐந்தாறு மாதம் ஆகட்டும், மறுபக்கக் கையின் பலத்தில் 90 சதவீதம் வந்திருக்கட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மூன்று மாதமாவது அறவே நிறுத்த வேண்டும். எலும்பு ஒட்டாமல் போவதற்குப் புகை முக்கியக் காரணம்.

பேங்கார்ட் செய்தவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்லிங் நான்கு வாரம் அளவில், வெளித்திருப்பல் ஆறு வாரம் வரை 30 டிகிரிக்குள், பளுப் பயிற்சி மூன்றாவது மாதம், மோதும் விளையாட்டு ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். உங்கள் மருத்துவர் தையலின் பலத்தைப் பார்த்து இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

தம்பிக்கு வலிப்பு நோய் உண்டு. ஒவ்வொரு வலிப்பிலும் தோள் இறங்குகிறது. எப்போது ஆபரேஷன் செய்யலாம்?
வேலூர் வாசகர்

வலிப்பு கட்டுக்குள் வந்த பிறகு. எத்தனை உறுதியாகக் கட்டினாலும் ஒரே ஒரு பெரிய வலிப்பு அதைப் பிய்த்துவிடும். நரம்பியல் மருத்துவரிடம் மாத்திரை அளவைச் சரிசெய்து, மாதக்கணக்கில் வலிப்பு இல்லை என்று ஆனபின் தேதி குறியுங்கள். மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும்தான் பெரும்பாலும் வலிப்பைக் கூப்பிடுகின்றன. ஆபரேஷன் அன்று வெறும் வயிறு என்றாலும் வலிப்பு மாத்திரையை விடலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் சிறிது தண்ணீரோடு போடச் சொல்வார்கள். இவர்களுக்கு எலும்பு இழப்பு பெரிதாக இருப்பதால் எலும்பு வைக்கும் முறைதான் அதிகம் தேவைப்படும்.

இன்னொன்று. வலிப்பில் தோள் பின்பக்கமும் இறங்கும். முன்னிருந்து எடுத்த எக்ஸ்-ரேயில் அது சரியாக இருப்பது போலவே தெரிந்து தவறிவிடும். வலிப்புக்குப் பிறகு கை உள்பக்கம் திரும்பியே பூட்டிக்கொண்டால் அக்குள் வழியாக எடுக்கும் கோணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு 47 வயது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதன்முறையாகத் தோள் இறங்கியது. உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆபரேஷன் வேண்டுமா?
கோவை வாசகி

40 வயதைத் தாண்டியவருக்கு மறுபடி இறங்குவது குறைவு. தோளைத் தூக்கும் தசைநாண் கிழிவதுதான் அதிகம். இரண்டு, மூன்று வாரம் கழித்தும் கையைத் தானே தூக்க முடியவில்லையென்றால் உடனே ஸ்கேன் எடுங்கள். கிழிந்த தசைநாண் மாதக்கணக்கில் சுருங்கிப்போனால் பிறகு இழுத்துத் தைக்க வராது. தோளின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு மரத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், நரம்பு இழுபட்டிருக்கும்.

மகளுக்கு 16 வயது, பரதம் ஆடுகிறாள். இரண்டு தோளும் எல்லாப் பக்கமும் நழுவுகின்றன. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை.
கும்பகோணம் வாசகி

கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறதா? சுண்டுவிரல் பின்னால் செங்கோணத்தைத் தாண்டுகிறதா? முழங்கை, முழங்கால் பின்னோக்கி வளைகின்றனவா? முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை தரையில் படிகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் பிறவித் தளர்வு. இங்கே கிழிந்தது எதுவும் இல்லை, அதனால் கட்டவும் எதுவும் இல்லை. குறைந்தது ஆறு மாதம் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளுக்கும் சுழல் தசைகளுக்கும் பயிற்சிதான் முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் மூட்டு உறையை மடித்துத் தைக்கும் முறை உண்டு. 1980-இல் நீர், ஃபாஸ்டர் விவரித்தது. பயிற்சியைத் தொடராதவர்களிடம் அதுவும் வருடங்களில் மறுபடி நீண்டுவிடும். 1990-களின் பிற்பகுதியில் உறையைச் சூடுவைத்துச் சுருக்கும் முறை பரவியது. தோல்வி அதிகம், சிலருக்குக் குருத்தே கரைந்துபோனது, கைவிட்டார்கள். இன்றும் யாராவது அதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

தோளுக்குள் ஆங்கரும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. எடுத்துவிட வேண்டுமா? பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?
சென்னை வாசகர்

தொந்தரவு இல்லையென்றால் எடுக்க வேண்டாம். கையைச் சுழற்றும்போது புதிதாகக் கரகரவென்ற சத்தமும் வலியும் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் எக்ஸ்-ரே எடுங்கள். தளர்ந்து மூட்டுக்குள் எட்டிப்பார்க்கும் ஓர் உலோக முனை, சில மாதங்களிலேயே குருத்தைச் சுரண்டித் தீர்த்துவிடும். கரையும் வகை ஆங்கர்கள் சில சமயம் எலும்பில் சின்னக் குழிகளை விட்டுச் செல்லும், பெரும்பாலும் பாதகமில்லை.

டைட்டானியம், பிளாஸ்டிக், கரையும் வகை, நூலாலேயே ஆனவை என இன்று தோளுக்குள் வைப்பவற்றோடு பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உலோகம் என்றால் அதைச் சுற்றிய படம் கலங்கும், அதனால் தோளையே பார்க்க வேண்டுமானால் சி.டி. நல்லது. ஆனால் உள்ளே இருப்பது எது என்று ஸ்கேன் மையத்தில் கேட்பார்கள். ஆபரேஷன் அன்று ஆங்கர், ஸ்க்ரூ பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள்; பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் ஆபரேஷன் குறிப்பையும் நகல் வாங்கி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். முதல் எக்ஸ்-ரேயையும் தூக்கிப்போடாதீர்கள். இருபது வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் உங்கள் தோளைப் பார்க்கும்போது, எது அன்றே இருந்தது, எது பிறகு வந்தது என்று பிரித்துச் சொல்ல அவருக்கு அது ஒன்றுதான் இருக்கும்.